பழைய கன்சோல் கேமை நல்ல வீடியோவா எடுக்கிறது எப்படி: புதுசா சேனல் ஆரம்பிக்கிறவங்களுக்கு

ரெண்டு மணி நேரம் உக்காந்து விளையாடி ரெக்கார்ட் பண்ண வீடியோவ போட்டு பாத்தப்போ தான் எனக்கு இந்த விஷயம் புரிஞ்சுது. எதிரி மேல மோதி அடி வாங்கினதும் நம்ம ஆளு ஒரு ரெண்டு செகண்ட் மினுக் மினுக்குன்னு மின்னுவான்ல, என் வீடியோல அந்த இடத்துல ஆளையே காணோம். மின்னவே இல்ல, சுத்தமா மறைஞ்சுட்டான், ரெண்டு செகண்ட் கழிச்சு வேற ஒரு இடத்துல வந்து நிக்கிறான். விளையாடும்போது டிவில எல்லாம் ஒழுங்கா தான் தெரிஞ்சுது.

காரணம் ரொம்ப சிம்பிள். இந்த கன்சோல்கள் ஒரு செகண்டுக்கு சுமாரா 60 படம் அனுப்பும், அந்த ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். ஆளு மின்னுற மாதிரி காட்டணும்னா கேம் என்ன பண்ணும்னா, ஒரு ஃபிரேம்ல ஆள வரையும், அடுத்த ஃபிரேம்ல வரையாது, மறுபடி வரையும், மறுபடி விடும். நான் ரெக்கார்ட் பண்ணது செகண்டுக்கு 30 ஃபிரேம். அதாவது ஒண்ணு விட்டு ஒண்ணு. என் நேரம், விடுபட்டது எல்லாம் ஆள் இருந்த ஃபிரேம், மாட்டினது எல்லாம் காலி ஃபிரேம். நிழல், கேடயம், பேய், பாதி ட்ரான்ஸ்பரன்டா தெரியுற எஃபெக்ட்னு அந்தக் காலத்து கேம்கள்ல பாதி வித்தை இப்படி மின்ன வெச்சு தான் காட்டியிருப்பாங்க, அதனால 30ல எடுத்தா அந்த கேமோட ஒரு பகுதியே வீடியோல இல்லாம போயிடும்.

அதனால இந்தக் கட்டுரை முழுக்க ஒரே வேலை தான்: கன்சோல்ல இருந்து கிளம்புற அந்த 60 ஃபிரேமும் வழில எங்கயும் தொலையாம பாக்கிறவங்க ஸ்க்ரீனுக்கு போய் சேரணும். ஒவ்வொரு ஸ்டெப்லயும் இத கேட்டுக்கிட்டே வாங்க.

1. கன்சோல்ல இருந்து என்ன சிக்னல் வருதுன்னு பாருங்க

கன்சோல் படத்த கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு வர்ற கேப்சர் கார்டு வாங்குறதுக்கு முன்னாடியே இத பாக்கணும். நிறைய பேர் தலைகீழா பண்றாங்க, முதல்ல கார்ட வாங்கிட்டு அப்புறம் கேபிள் தேடுறாங்க.

பொதுவா நாலு வகை. மஞ்சள் பின் இருக்கிற கம்போசிட், அதுக்கு மேல எஸ்-வீடியோ, அதுக்கு மேல ஆர்ஜிபி, அப்புறம் பச்சை நீலம் சிவப்புன்னு மூணு பின் வர்ற காம்போனென்ட். கம்போசிட்ல நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பில கலந்து வரும், அதனால ஓரத்துல எல்லாம் நிறம் வழிஞ்ச மாதிரி இருக்கும். எஸ்-வீடியோல ரெண்டும் தனித்தனி கம்பி, அந்த ஒரு மாத்தத்துலயே எழுத்து எல்லாம் பளிச்சுன்னு ஆயிடும். ஆர்ஜிபில மூணு நிறமும் தனித்தனியா வரும்.

எந்த கன்சோல் எத கொடுக்கும்னா, நின்டெண்டோவோட முதல் கன்சோல் என்ஈஎஸ் மாத்தி அமைக்காம இருந்தா கம்போசிட் தான், அதோட ஜப்பான் வடிவமான 1983 ஃபாமிகாம் இன்னும் மோசம், ஆன்டெனா வழியா போற ஆர்எஃப் மட்டும் தான். செகாவோட மெகா டிரைவ்ல இருந்து ஆர்ஜிபி நேராவே வரும். சோனியோட முதல் பிளேஸ்டேஷனும் அப்படித்தான். நின்டெண்டோ 64 பெரும்பாலும் ஆர்ஜிபி தராது, எஸ்-வீடியோவோட திருப்தி அடையணும். பிளேஸ்டேஷன் 2க்கு காம்போனென்ட் கேபிள் போடுங்க. டிரீம்காஸ்ட் இருக்கிறவங்க கொடுத்து வெச்சவங்க, முக்கால்வாசி கேம், கம்ப்யூட்டர் மானிட்டருக்கு போற விஜிஏ வழியா 480பில, அதாவது 480 கோடும் ஒரே நேரத்துல வரும்.

சிக்னல் சுத்தமா இருந்தா எல்லாமே அழகா இருக்கும்னும் நினைக்காதீங்க. மெகா டிரைவ்ல 1991ல வந்த சோனிக் கேம்ல அருவி வரும், அத வரைஞ்சவங்க நெட்டுக்குத்தா கோடு கோடா ஒண்ணு விட்டு ஒண்ணு வரைஞ்சிருப்பாங்க, கம்போசிட் கேபிள்ல அந்தக் கோடுகள் ஒண்ணோட ஒண்ணு கரைஞ்சு நிஜமாவே தண்ணிக்கு பின்னாடி நிக்கிற மாதிரி தெரியும். ஆர்ஜிபில எடுத்தா வெறும் கம்பி கேட் மாதிரி இருக்கும். எது சரின்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா நான் மெகா டிரைவுக்கு ஆர்ஜிபி தான் போடுறேன், ஏன்னா அந்த கன்சோலோட கம்போசிட்ல மத்த எல்லா இடமும் கலங்கி போயிடுது.

ஒரு எச்சரிக்கை. ஆர்ஜிபிக்கு பயன்படுற பெரிய ஸ்கார்ட் பிளக்ல ரெண்டு வகை இருக்கு, ஐரோப்பா வகை, ஜப்பானோட ஜேபி21 வகை. பாக்க ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு, சொருகினா சரியா உள்ள போகும், ஆனா உள்ள இருக்கிற கம்பி இணைப்பு வேற. மாத்தி சொருகினா கன்சோலோ, படத்த பெருசாக்குற ஸ்கேலர் பெட்டியோ கெட்டுப் போக வாய்ப்பு இருக்கு. கேபிள் வாங்கும்போது எந்த வகைன்னு கேட்டு, வாங்கினதும் அது மேல ஒரு சீட்டு ஒட்டி வெச்சுருங்க.

2. எதுல பிடிக்கிறது

இங்க தான் நிறைய பேர் கவுந்துடறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

அந்தக் காலத்து சாதாரண டிவி படம் 480 கோடு, ஆனா ஒரே நேரத்துல வராது. முதல்ல ஒத்தைப்படை கோடுகள், அடுத்து இரட்டைப்படை கோடுகள்னு பாதி பாதியா வரும், அதுக்குப் பேரு 480ஐ. பழைய கன்சோல் பண்ணது என்னன்னா, அந்த பாதிய மட்டும் திரும்பத் திரும்ப ஒரே இடத்துல அனுப்பும். அதனால ஒவ்வொரு பாதியும் ஒரு முழு படம். இது தான் 240பி. டியூப் டிவிக்கு இதுல எந்த குழப்பமும் இல்ல. ஆனா விஎச்எஸ் கேசட்ட காப்பி பண்றதுக்குன்னு வந்த விலை கம்மியான யூஎஸ்பி கேப்சர் குச்சிகள் 240பின்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாம, அத 480ஐ-ன்னு நினைச்சு அடுத்தடுத்து வர்ற ரெண்டு வேற வேற ஃபிரேம எடுத்து சீப்பு பல் மாதிரி கோத்துடும். ஆள் ஓடும்போது உடம்பு முழுக்க கிடைக்கோடா கிழிஞ்சு தெரியுதா, இது தான் காரணம். கோத்ததுக்கு அப்புறம் 60 ஃபிரேம் 30 ஆயிடுச்சு, கோக்காம ஒரு பாதிய அப்படியே தூக்கிப் போட்டாலும் 30 தான், என் ஆள் காணாம போன கதை அப்படித்தான் நடந்துச்சு.

கைல அந்த குச்சி தான் இருக்கு, வேற வாங்க முடியாதுன்னா அதுக்காக விட்டுடாதீங்க. ரெக்கார்ட் பண்ற இலவச சாஃப்ட்வேரான ஓபிஎஸ் ஸ்டுடியோல அந்த சோர்ஸ, அதாவது குச்சில இருந்து வர்ற படத்த ரைட் கிளிக் பண்ணா டீஇன்டர்லேசிங்னு ஒரு மெனு வரும், அதுல ரெட்ரோன்னே ஒரு ஆப்ஷன் இருக்கு, அத போட்டு, புராஜெக்ட 60 ஃபிரேம்ல வெச்சு ஒரு நிமிஷம் எடுத்து ஃபிரேம் ஃபிரேமா நகர்த்தி பாருங்க. நிறைய குச்சிக்கு இதுவே பெரிய வித்தியாசத்த கொடுக்கும்.

கொஞ்சம் செலவு பண்ண முடியும்னா, ஸ்கேலர் ஒண்ணு, ஹெச்டிஎம்ஐ கேப்சர் கார்டு ஒண்ணுன்னு ரெண்டா பிரிச்சு வாங்குங்க. ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் மாதிரி ஸ்கேலர்கள் 240பிய 240பின்னே புரிஞ்சுக்கும், ஒவ்வொரு கோட்டையும் ரெண்டா, மூணா, நாலா, அஞ்சா பெருக்கி ஹெச்டிஎம்ஐல வெளிய விடும், தாமதமும் கிட்டத்தட்ட இல்ல. ஓஎஸ்எஸ்சில ஒரு சிக்கல், அது கன்சோலோட வேகத்த அப்படியே வெளிய அனுப்பும், சில கேப்சர் கார்டு அத ஏத்துக்காம கருப்பு ஸ்க்ரீன் காட்டும். வாங்குறதுக்கு முன்னாடி உங்க கார்டும் உங்க கன்சோலும் அந்த ஸ்கேலரோட சேர்ந்து வேலை செஞ்சிருக்கான்னு மத்தவங்க அனுபவத்த தேடிப் பாருங்க, பெட்டி மேல எழுதியிருக்கிறத நம்பாதீங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ரெட்ரோடிங்க் 5எக்ஸ் மாதிரி 1080பி நேரா தர்றது தலைவலி கம்மி.

பழைய கன்சோல் கேம கம்ப்யூட்டர்லயே ஓட்டுற எமுலேட்டர்ல விளையாடி ரெக்கார்ட் பண்ணா இந்த தொல்லையே இல்லையேன்னு கேட்டா, நியாயமான கேள்வி தான். கைல கன்சோல் இல்லாதவங்க ரெட்ரோஆர்ச்ங்கிற எமுலேட்டர்லயோ, பழைய கன்சோலோட சிப் மாதிரியே வேலை செய்யுற மிஸ்டர் மாதிரி எஃப்பிஜிஏ பெட்டிலயோ எடுக்கலாம், படம் சுத்தமா வரும். ஆனா எமுலேட்டர்ல எடுத்தத கன்சோல்ல எடுத்தேன்னு மட்டும் சொல்லாதீங்க. பழைய கன்சோல் வீடியோவ தேடி வர்றவங்களுக்கு ஒரே ஒரு கேம விளையாடும்போது எந்த இடத்துல வேகம் குறையும்னு கூட மனப்பாடமா தெரியும், உடனே கண்டுபிடிச்சுடுவாங்க, அப்புறம் உங்க மேல நம்பிக்கை போயிடும்.

3. ப்ரிவ்யூ விண்டோவ பாத்து விளையாடாதீங்க

கம்ப்யூட்டர்ல தெரியுற படம் கொஞ்சம் லேட்டா தான் வரும். யூஎஸ்பி குச்சில அது நல்லாவே தெரியும், நீங்க குதிக்கிற பட்டன அமுக்கி ஆள் குழில விழுந்ததுக்கு அப்புறம் தான் குதிக்கிறத பாப்பீங்க. அதனால சிக்னல ரெண்டா பிரிக்கணும். ஹெச்டிஎம்ஐ கேப்சர் கார்டுல பாஸ்த்ரூன்னு ஒரு ஓட்டை இருக்கும், அதுல டிவிய சொருகினா போதும். டியூப் டிவில விளையாடுறவங்க கன்சோல் பக்கத்துலயே பிரிக்கணும், ஆனா ஒண்ண ரெண்டாக்குற சும்மா ஒய் கேபிள் போட்டா ரெண்டு பக்கமும் படம் மங்கிடும். கரன்ட்ல ஓடுற ஸ்ப்ளிட்டர் வாங்குங்க.

4. ஓபிஎஸ்ல என்ன செட் பண்ணணும்

ஃபிரேம் ரேட் 60. ஐரோப்பா கன்சோல்னா அது 50 ஹெர்ட்ஸ், அப்போ 50 வைங்க, இல்லாட்டி ஓடுற இடமெல்லாம் விக்கி விக்கி வரும்.

கேன்வாஸ், அதாவது ஓபிஎஸ்ல மொத்த படத்தோட அளவு, நான் 2560க்கு 1440 வெப்பேன். கணக்கு போட்டு பாருங்க, 240ஐ 6ஆல பெருக்கினா கரெக்டா 1440. ஒவ்வொரு கோடும் ஆறு கோடா சமமா பெருகும். 1080ல அப்படி இல்ல, 240ஐ நாலரையால பெருக்கணும், அப்போ சில கோடு நாலு மடங்காவும் சில கோடு அஞ்சு மடங்காவும் ஆகும், திரை மேலயும் கீழயும் நகரும்போது அலை அடிக்கிற மாதிரி ஒரு நடுக்கம் தெரியும். 1080ல தான் எடுக்கணும்னா நாலு மடங்குல, அதாவது 960ல நிறுத்திட்டு சுத்தி கொஞ்சம் கருப்பு விட்டுடுங்க. சோர்ஸ ரைட் கிளிக் பண்ணி ஸ்கேல் ஃபில்டரிங்ல பாயின்ட்னு வெச்சா பிக்ஸல் ஓரம் கத்தி மாதிரி நிக்கும். ஸ்கேலரே 1080பியா பெருக்கி கொடுத்திடுச்சுன்னா இந்தக் கணக்கு ஸ்கேலரோட மெனுல பாக்க வேண்டியது.

அகலத்த பத்தி. சூப்பர் நின்டெண்டோ படம் 256க்கு 224 பிக்ஸல், பிக்ஸல சதுரமா வெச்சு அப்படியே பெருக்கினா படம் ஒல்லியா நிக்கும். கேம்ல வர்ற நிலாவ பாருங்க, முட்டை மாதிரி இருக்கும். டிவில அந்த பிக்ஸல் சதுரம் இல்ல, கொஞ்சம் அகலம். அதனால உயரம் 1440னா அகலம் 1920 வைங்க, அது தான் 4க்கு 3. அதே சமயம் 16க்கு 9 ஸ்க்ரீன நிரப்பணும்னு இழுத்து மட்டும் விடாதீங்க, எல்லாரும் குள்ளமா குண்டா ஆயிடுவாங்க. ரெண்டு பக்கமும் கருப்பு இருக்கட்டும், அதுல தப்பே இல்ல.

ஃபைல் எம்கேவில எடுங்க. சாதாரண எம்பி4ல நேரா எடுத்தா நடுவுல கரன்ட் போனாலோ ஓபிஎஸ் தொங்கினாலோ மொத்த ஃபைலும் திறக்காம போயிடும், எம்கேவில அதுவரைக்கும் எடுத்தது மிஞ்சும். எடிட் பண்றதுக்கு எம்பி4 வேணும்னா ஃபைல் மெனுலயே ரீமக்ஸ்னு இருக்கு, நிமிஷத்துல மாத்திடும், தரம் குறையாது. இடம் நிறைய வேணும், செகண்டுக்கு 50 மெகாபிட்ல எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி ஆகும்.

ரெக்கார்ட் பண்ணும்போது சில சமயம் பத்து செகண்டுக்கு ஒரு ஃபிரேம் எங்கயோ போற மாதிரி இருந்தா பதறாதீங்க. என்ஈஎஸ் ஓடுறது 60 இல்ல, செகண்டுக்கு 60.0988 ஃபிரேம். நீங்க 60ல எடுக்கிறீங்க, அந்த மிச்சம் சேந்து சேந்து சுமார் பத்து செகண்டுக்கு ஒரு முழு ஃபிரேம் ஆகும், அது விழுந்து தான் ஆகணும். கண்ணுக்குத் தெரியாது. செகண்டுக்கு ரெண்டு மூணு விழுந்தா தான் கம்ப்யூட்டர் திணறுதுன்னு அர்த்தம்.

பிளேஸ்டேஷன் வெச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் ஒண்ணு. சில கேம் நடுவுலயே சிக்னல மாத்தும். க்ரோனோ க்ராஸ்ல விளையாடும்போது 240பி, மெனுவ திறந்தா 480ஐ. ஒவ்வொரு தடவையும் சில ஸ்கேலர் சிக்னல விட்டு திரும்ப பிடிக்கும், வீடியோல அங்கங்க கருப்பா வெட்டு விழும். இந்த மாதிரி கேம ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மெனுவ நாலஞ்சு தடவ திறந்து மூடி பாத்துக்கோங்க.

5. முழுசா எடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம்

இத விடவே கூடாது. 240பி டெஸ்ட் சூட்னு ஒரு இலவச புரோகிராம் இருக்கு, ஆர்டெமியோ உர்பினா உருவாக்கினது, நிறைய பழைய கன்சோலுக்கு கிடைக்குது. அதுல டிராப் ஷேடோன்னு ஒரு சோதனை, ஒரு ஃபிரேம் விட்டு ஒரு ஃபிரேம் நிழல காட்டும். உங்க ரெக்கார்டிங்ல அந்த நிழல் மின்னினா நீங்க ஜெயிச்சுட்டீங்க. நிழல் அசையாம நின்னாலோ, காணாம போனாலோ, கோடு கோடா வந்தாலோ வழில எங்கயோ ஃபிரேம் தொலையுது, ஸ்டெப் ரெண்டுக்கும் நாலுக்கும் திரும்பப் போங்க. அத ஓட்ட வசதி இல்லாதவங்க, அடி வாங்கினா மின்னுற ஏதாவது ஒரு கேம்ல வேணும்னே போய் அடி வாங்கி, அந்த ரெண்டு செகண்ட ஃபிரேம் ஃபிரேமா நகர்த்தி பாருங்க. இருக்கான், இல்ல, இருக்கான், இல்லன்னு வரணும்.

அப்படியே சத்தமும் படமும் சேருதான்னு பாத்துடுங்க. கேம நிறுத்துற பாஸ் பட்டன அமுக்கினா டிங்னு ஒரு சத்தம் வரும்ல, படம் நிக்கிற ஃபிரேமும் அந்த சத்தமும் ஒண்ணா வருதா? சத்தம் முந்திக்கிட்டு வந்தா ஓபிஎஸ்ல அட்வான்ஸ்ட் ஆடியோ ப்ராபர்ட்டீஸ்ல சிங்க் ஆஃப்செட்ல மில்லிசெகண்ட் கணக்குல தள்ளி விடலாம். கருப்பான இடத்துல இருக்கிற படிக்கட்டெல்லாம் மொத்தமா இருட்டாகி தெரியலேன்னா, கலர் ரேஞ்ச் லிமிடெட், ஃபுல் மாறி இருக்கு, சோர்ஸ் ப்ராபர்ட்டீஸ்ல மாத்திப் பாருங்க.

6. குரல்

பேசி எடுக்கிறதா இருந்தா கேம் சத்தம் ஒரு ட்ராக், மைக் இன்னொரு ட்ராக்னு பிரிச்சு எடுங்க. ஒண்ணா கலந்துட்டா பெரிய வில்லன் சண்டைல இசை உங்க குரல முழுங்கும், அப்புறம் எடிட்டிங்ல ஒண்ணும் பண்ண முடியாது. மைக்க உச்சத்துல மைனஸ் 6 டெசிபல தாண்ட விடாதீங்க, கேம் அதுக்கு நல்லா கீழ இருக்கட்டும். என்ஈஎஸ் சத்தம் மோனோ, கேப்சர்ல இடது காதுல மட்டும் வந்தா ஓபிஎஸ்ல மோனோன்னு ஒரு டிக் போட்டா ரெண்டு பக்கமும் வந்துடும்.

7. கன்சோலையும் கொஞ்சம் கவனிங்க

படத்துல கோடு, எழுத்து குப்பையா வர்றது, நடுவுல நிக்கிறது, இதுக்கு பாதி காரணம் அழுக்கு. கேட்ரிட்ஜ, அதாவது கேம் கேசட்ட ஊதாதீங்க, வாய் ஈரம் பட்டு தகடு துரு பிடிக்கும். பஞ்சுக் குச்சில 90 சதவீதத்துக்கு மேல இருக்கிற ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு தகட்ட துடைங்க, குச்சி கருப்பா வர்றத பாத்தா உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும், வெள்ளையா வர்ற வரைக்கும் துடைச்சு காய விட்டு சொருகுங்க. உப்புத்தாள் எல்லாம் வேண்டவே வேண்டாம், தகட்டு மேல இருக்கிற பூச்சு போயிடும்.

நீளமான ரோல் பிளேயிங் கேம தொடரா எடுக்கப் போறீங்கன்னா இத கேளுங்க. நிறைய பழைய கேட்ரிட்ஜ்ல சேவ் நிக்கிறது உள்ள இருக்கிற சின்ன பட்டன் பேட்டரி தயவுல தான், அது தீந்து போற வயசு தாண்டியாச்சு. பதினஞ்சாவது எபிசோட் எடுக்க உக்காந்து சேவ் காலியா இருந்தா அந்த வலிய சொல்லி மாளாது. தொடர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சவங்கள வெச்சு பேட்டரிய மாத்திடுங்க, கழட்டும்போது பழைய சேவ் அழிஞ்சுடும்னும் நினைவு வெச்சுக்கோங்க.

8. ஏத்துறது

யூடியூப்ல 60 ஃபிரேம் 720பில இருந்து தான் ஆரம்பம், அதுக்கு கீழ எல்லாம் 30. அதனால சின்ன சைஸ் கேம் தானேன்னு 480ல ஏத்தினா, இவ்ளோ பாடுபட்டு காப்பாத்தின பாதி ஃபிரேம அங்க கொண்டு போய் கொட்டின மாதிரி ஆயிடும். 1440ல ஏத்துறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அந்த அளவுக்கு யூடியூப் தர்ற பிட்ரேட், அதாவது செகண்டுக்கு தர்ற டேட்டா அதிகம், மழை, வெடிப்பு, வேகமா ஓடுற பின்னணி எல்லாம் கட்டம் கட்டமா உடையாம இருக்கும். எடிட்டர்ல எக்ஸ்போர்ட் பண்ணும்போதும் டைம்லைன் 60ல இருக்கான்னு பாருங்க, நிறைய எடிட்டர் கேக்காமலே 30னு வெச்சுடும்.

உரிமை விஷயம். கேம் கம்பெனிக்கு தான் அந்தப் படமும் இசையும் சொந்தம், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு விதி. நின்டெண்டோ 2018 நவம்பர்ல வெளியிட்ட வழிமுறைல, உங்க பேச்சோ படைப்போ சேர்ந்து இருக்கிற வீடியோவ போடலாம், யூடியூப் மாதிரி அவங்க சொல்ற தளங்களோட வழக்கமான முறைல பணமும் பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க, சும்மா கேம அப்படியே எடுத்துப் போடுறத அவங்க ஏத்துக்கல. மத்த கம்பெனியோட பக்கத்துல போய் நீங்களே படிங்க. ரேஸ், ஸ்கேட்போர்டு மாதிரி கேம்ல வெளி பாட்டு வாங்கிப் போட்டிருப்பாங்க, அந்தப் பாட்டுக்கு, யூடியூப் தானாவே உரிமைய கண்டுபிடிக்கிற கன்டென்ட் ஐடில மாட்டும், செட்டிங்ஸ்ல இசைய அணைக்க வழி இருந்தா அணைச்சுட்டு எடுங்க.

ஏத்தின உடனே வீடியோவ பாத்துட்டு மனசு உடைஞ்சுடாதீங்க, முதல்ல கம்மி தரம் தான் தயாராகும், 1440பி60னு செட்டிங்ஸ்ல வர்றதுக்கு நேரம் எடுக்கும். அதுவரைக்கும் பிரைவேட்ல வெச்சிருந்து, வந்ததும் அடி வாங்குற ஒரு இடத்துக்குப் போய், பாஸ் பண்ணி, கீபோர்டுல புள்ளி பட்டன அமுக்கி ஃபிரேம் ஃபிரேமா நகர்த்துங்க. ஆள் இருக்கான், இல்ல, இருக்கான், இல்லன்னு வந்தா பப்ளிக் பண்ணிடுங்க.